வழி மாறியது யாரால்?

கேள்வி: மூன்று நாள் கார்ப் பயணத்துக்கு எங்கள் இரண்டு வயது நாயையும் அழைத்துச் சென்றோம். எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம். ஒன்றும் அதன்படி நடக்கவில்லை. முதல் நாள் காலை நாய்க்கு வயிறாரச் சாப்பாடு போட்டுவிட்டுப் புறப்பட்டோம். நேரத்தை மிச்சப்படுத்த வளைவுகள் நிறைந்த ஒரு குறுக்கு வழியில் திரும்பினோம். அது இரண்டு முறை வாந்தி எடுத்ததால் காரைக் கழுவ இடம் தேடி அலைந்தோம். மறுநாள் கதவைத் திறந்ததும் வயலுக்குள் ஓடிவிட்டது. பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வழியில் கண்ணில் பட்ட அருங்காட்சியகத்தையாவது பார்ப்போமே என்று காரை மர நிழலில் நிறுத்தி, கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு, நாயை உள்ளேயே விட்டு அரை மணி நேரம் போய் வந்தோம். அதற்கு முன்பின் தெரியாத ஒருவர் எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டார். இனி நாயோடு பயணமே வேண்டாம் என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரிதானா? (ஒரு வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று இடங்களில் திட்டம் கலைந்திருக்கிறது. மூன்று இடங்களிலும் முடிவெடுத்தவர்கள் நீங்கள், பழி மட்டும் நாய்க்குப் போயிருக்கிறது. கடைசியாக, போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த அருங்காட்சியகம், அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டும் அலைச்சல். இது உயிர் போகிற விஷயம்.

வெளியே 24 டிகிரி செல்சியஸ், அதாவது நமக்கு இதமான வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 34 டிகிரியும், அரை மணி நேரத்தில் 43 டிகிரியும் ஆகிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பதால் இந்தக் கணக்கில் பெரிய மாற்றம் எதுவும் வருவதில்லை என்பது அளந்து பார்த்துச் சொல்லப்பட்ட செய்தி. நிழல் சிறிது உதவும்தான். ஆனால் நீங்கள் உள்ளே படம் பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் நிழல் நின்ற இடத்திலேயே நிற்கும் என்று யார் உறுதி கொடுத்தார்கள்? நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் சிறிது வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும், அதைச் சுற்றியுள்ள காற்றே கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு வழியும் அடைபட்டுப்போகிறது. 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்க வேண்டிய அதன் உடல் வெப்பம் 41ஐத் தாண்டினால் வெப்பத்தாக்குதான். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த நிலை இன்னும் விரைவில் வரும். உங்களைத் திட்டியவர் உங்கள் நாய்க்காகத் திட்டியிருக்கிறார். முடிந்தால் அவருக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.

அடுத்தது வாந்தி. குட்டி நாயாக இருந்தால், காதுக்குள் சமநிலையைக் காக்கும் உறுப்பு இன்னும் முழுதாக வளரவில்லை என்று சமாதானம் சொல்லலாம். உங்கள் நாய்க்கு இரண்டு வயது. வயிறு நிறையச் சாப்பிட வைத்து, உடனே காரில் ஏற்றி, வளைவுக்கு மேல் வளைவாகச் சுழற்றினால் மனிதருக்கே குமட்டும். சாப்பாட்டைப் புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. அது திடீரென்று வாந்தி எடுத்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருந்தால், நான் நம்பமாட்டேன். வாந்திக்கு வெகுநேரம் முன்பே நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கி இருக்கையை நனைக்கும், மெல்ல முனகும். பின்னிருக்கையில் இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது, முன்னிருக்கையில் குறுக்கு வழி மிச்சப்படுத்தித் தரப்போகும் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்திருப்பீர்கள். எச்சில் வடியத் தொடங்கியபோதே ஓரங்கட்டி, பத்து நிமிடம் தரையில் நடக்க விட்டிருந்தால், காரைக் கழுவ இடம் தேடும் வேலை பெரும்பாலும் மிச்சமாகியிருக்கும்.

வயலுக்குள் ஓடியதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கழுத்துப்பட்டையில் வாரை மாட்டி, அதன் மறுமுனை கையில் இருந்த பிறகே காரின் கதவு திறக்கப்பட வேண்டும். பல மணி நேரம் அடைந்து கிடந்த ஒரு பிராணிக்கு, மோப்ப உணர்விகள் நம்மிடம் சுமார் 60 லட்சம் என்றால் தன்னிடம் 30 கோடி வரை வைத்திருக்கிற ஒன்றுக்கு, கதவிடுக்கில் புது மண்ணின் வாசனை வந்தால் ஓடாமல் என்ன செய்யும்? திட்டமிடாத நிறுத்தங்களில் இந்த ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் அந்த இடம் நமக்கும் புதிது, நாய்க்கும் புதிது. கைபேசி எண் பொறித்த தகடு அதன் கழுத்தில் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை.

1903இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற மருத்துவர், மெக்கானிக் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை கார் ஓட்டிச் சென்றார். அமெரிக்காவைக் காரில் குறுக்காகக் கடந்த முதல் பயணம் அதுதான். 63 நாள் ஆனது. ஐடஹோ மாநிலத்தில் பட் என்ற நாயும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. அந்தப் பயணத்திலும் வழி விலகல்களுக்குப் பஞ்சமில்லை. கார் என்ற ஒன்றையே பார்த்திராத தன் குடும்பத்தார் அதைப் பார்க்கட்டும் என்று ஒரு பெண் வேண்டுமென்றே தவறான வழியைக் காட்ட, 108 மைல் வீணாகச் சுற்றினார்கள். அது பட் வருவதற்கு முன்பே நடந்தது, ஆகவே அந்தப் பழியை நாய் மேல் போட வழியில்லாமல் போயிற்று! கூரையும் முன்கண்ணாடியும் இல்லாத அந்தக் காரில் உப்புப் புழுதி பட்டு நாயின் கண் எரிந்தபோது, ஜாக்சன் அதற்கும் ஓட்டுநர் அணியும் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். வழியில் கெட்ட நீரைக் குடித்து அது நோயுற்று, பிறகு தேறவும் செய்தது. இன்றைக்கும் நாயோடு போகிறவர்கள் வீட்டுத் தண்ணீரைக் கூடுதலாகவே எடுத்துச் செல்வது நல்லது. சுற்றுப்பாதையில் மாட்டிக்கொண்டால் அடுத்த நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

உங்கள் கணவரின் முடிவுக்கு வருகிறேன். கார் ஓடும் நேரத்தை மட்டும் கூட்டிப் போட்ட அட்டவணை, நாய் இல்லாமல் போயிருந்தாலும் கலைந்திருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாய நிறுத்தம் என்று முதலிலேயே எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அதை மட்டும் அன்றைய தூரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கும் அவர் உடன்படவில்லை என்றால், நாயை நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவதே நல்லது. நாய்க்கு அது தண்டனை ஆகாது. உடன்பட்டால், அடுத்த முறை அருங்காட்சியகம் கண்ணில் படும்போது ஒருவர் உள்ளே போகட்டும், மற்றவர் வாரைப் பிடித்துக்கொண்டு வெளியே மரத்தடியில் நடக்கட்டும். அவர் வந்ததும் இவர் போகலாம். அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகும்.