பூங்காவில் நிற்கும் சிலையை அகற்றலாமா? பீடத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் நகராட்சிப் பூங்காவின் நடுவே ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் வெண்கலச் சிலை 100 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. நம் மக்களை ஒடுக்கியவருக்கு இன்னும் என்ன மரியாதை என்று ஒரு தரப்பினரும், ஊரின் பழைய அடையாளத்தை அழிக்காதீர்கள் என்று மற்றொரு தரப்பினரும் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வரவிருக்கிறது. வார்டு உறுப்பினரான நான் எதை வைத்து முடிவெடுப்பது? அகற்றுவதென்றால் எப்படிச் செய்வது?

பதில்: அருங்காட்சியகப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு முன்பு ஒரு நாள் காலையில் பூங்காவுக்குப் போய், சிலையின் முகத்தைப் பார்ப்பதை விட்டுப் பீடத்தைப் படியுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஓரளவு புலப்படும். அப்போதும் தெரியாவிட்டால் கல்வெட்டுக்கு எடுப்பதுபோல், ஈரக் காகிதத்தை ஒற்றி மை தடவி எழுத்தைப் பிரதி எடுக்கும் மைப்படி எடுக்கச் சொல்லுங்கள். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்று வாழ்நாள் முழுவதையும் தராசில் வைத்தால் மன்றத்தில் விவாதம் முடியவே முடியாது. இந்தச் சிலை எந்தச் செயலைப் போற்றுவதற்காக, யாருடைய பணத்தில், யாருடைய கண்ணில் படும்படி வைக்கப்பட்டது என்ற கேள்விக்கோ பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

சென்னையில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ் பியூசிலியர்ஸ் படையின் கர்னல் ஜேம்ஸ் நீல் 1857 கிளர்ச்சியை அடக்க வடக்கே சென்றவர். அலகாபாத்தைச் சுற்றிய ஊர்களில் அவருடைய படையினர் கண்மூடித்தனமாக மக்களைத் தூக்கிலிட்டார்கள். கான்பூரில், ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்த பீபிகர் என்ற வீட்டின் இரத்தக் கறையை, பிடிபட்டவர்களைக் கொண்டு சவுக்கடியோடு சுத்தம் செய்யவைத்து, அதன் பிறகே தூக்கிலிட உத்தரவிட்டார். அந்த வீட்டில் நடந்ததும் பெருங்கொடுமைதான். ஆனால் அதில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்று முறையாக விசாரிக்காமலே பலரைத் தண்டித்தது வஞ்சம் தீர்ப்பதாகும். அதே ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் அவர் இறந்தார். சில ஆண்டுகளுக்குள் மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை எழுந்தது. 1857இல் அவர் செய்ததைப் பாராட்டவே அது நிறுத்தப்பட்டது என்பதால், அவருடைய மற்ற குணங்களைப் பற்றிப் பேச அங்கே இடமே இல்லை.

1927இல் நீல் சிலை சத்தியாகிரகம் தொடங்கியது. தொண்டர்கள் கருவிகளுடன் சென்று சிலையைத் தாக்கிச் சிறை புகுந்தார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு போராட்டத்துக்கு வந்தார். அந்தச் சிறுமியை நினைக்கும்போதெல்லாம், ஒரு சிலை வழிப்போக்கரை எவ்வளவு ஆழமாகப் புண்படுத்த முடியும் என்பது எனக்கு உறைக்கிறது. சென்னைக்கு வந்த காந்தி, வன்முறை கூடாது என்று வலியுறுத்திப் போராட்டத்தை ஆதரித்தார். ஆனாலும் சிலை இறங்கியது 1937இல், ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்த பிறகுதான். அதை உடைக்கவோ உருக்கவோ இல்லை. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே நகரில், தீவுத்திடலை ஒட்டி, சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமீது தாமஸ் மன்றோ இன்றும் அமர்ந்திருக்கிறார். அவரும் கம்பெனி ஆட்சியின் ஆள்தான், மைசூர்ப் போர்களில் பங்கேற்றவர்தான். எனினும் ஆளுநராக இருந்து 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தவருக்கு, உழவரிடமே அரசு நேரடியாக நிலவரி வாங்கும் இரயத்துவாரி முறையோடும் நிர்வாகத்தோடும் சேர்ந்த நினைவாகவே மக்களிடம் நன்கொடை திரட்டி அந்தச் சிலை வைக்கப்பட்டது. இரயத்துவாரி வரி உழவரைப் பிழிந்தது என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்குப் பீடத்தின் அருகே ஒரு விளக்கப் பலகை போதும் என்பது என் கருத்து.

உங்கள் பூங்காச் சிலையின் பீடம் ஒரு படுகொலையையோ ஒடுக்குமுறையையோ புகழ்கிறதென்றால் அகற்றுவதற்கே வாக்களியுங்கள். அணை கட்டியதையோ பள்ளி நடத்தியதையோ சொல்கிறதென்றால், இருந்த இடத்திலேயே விட்டு, மறைக்கப்பட்ட பக்கத்தையும் எழுதி வையுங்கள்.

இனி நடைமுறை. சிலையோ பூங்காவோ மத்திய அல்லது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று ஆணையர் வழியாக எழுத்தில் கேளுங்கள். அறிவிக்கப்பட்டிருந்தால் மன்றத் தீர்மானம் மட்டும் போதாது. அறிவிக்கப்படாவிட்டாலும், 100 ஆண்டு கடந்த சிற்பம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டப்படி தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருவதால், பழைய உலோகமாக எடைக்குப் போடும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. போய்ச் சேரும் இடம் முடிவாகாமல் சிலையை இறக்காதீர்கள். கிடங்கில் தார்ப்பாயால் மூடிப் போட்ட சிலை ஒன்றைப் பல ஆண்டுகள் கழித்து நான் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே தாங்கிய இரும்புக் கம்பி துருவேறிப் பருத்து, கணுக்கால் பகுதியில் வெண்கலத்தையே பிளந்திருந்தது. உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரிடம் ஒப்புதல் கடிதம் பெற்ற பிறகே கிரேனை வரவழையுங்கள். இறக்குவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சங்கிலி கீறிவிடும் என்பதால் அகலமான துணிப்பட்டையால் கட்டித் தூக்கச் சொல்லுங்கள். கல்வெட்டுப் பலகையைப் பிரிக்காமல் சிலையோடு அனுப்புங்கள், ஏனென்றால் அது இல்லாத சிலை வெறும் உருவம்தான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் இதில் ஒரு பாடம் தருகிறது. அடிமை வணிகத்தில் ஈடுபட்ட எட்வர்ட் கால்ஸ்டனின் சிலை அங்கே 1895இல் வைக்கப்பட்டது. அதன் பலகை வாசகத்தைத் திருத்துவது குறித்து ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்தும் உடன்பாடு எட்டவில்லை. 2020 ஜூனில் கூட்டம் அதை இழுத்துச் சாய்த்துத் துறைமுகத்தில் தள்ளியது. பிறகு மீட்டு, போராட்டக்காரர்கள் பூசிய வண்ணத்தைத் துடைக்காமலே அருங்காட்சியகத்தில் படுக்கவைத்தார்கள். மன்றம் காலம் கடத்தினால் தெரு முடிவெடுத்துவிடும் என்பதால், தீர்மானத்தை ஒத்திவைக்கச் சொல்வோரிடம் காலக்கெடுவைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, காலியான பீடத்தில் தங்கள் தலைவரை ஏற்றவேண்டும் என்று மறுநாளே மனு வரும். சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் புதிய சிலைக்கு அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. அது உங்கள் பூங்காவுக்குப் பொருந்துமா என்று நகராட்சி வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் பெற்று, அகற்றும் தீர்மானத்தோடு அதையும் மன்றத்தின் முன் வையுங்கள்.