புதுப் பற்றரி வாங்க முதல் வோல்ற்றை அளந்து பாரும்

தம்பி, நீர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஒக்டோபர் கடைசியில், இங்கே கனடாவின் ஒன்ராறியோவில், பீற்றர்பரோவிலிருந்து ஸ்காபரோவுக்குத் திரும்பி வரும்போது 115ஆம் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. முதலில் முன்லைற் மங்கியது, பிறகு எஞ்சின் இருமி அணைந்தது. ஆரோ வயர் போட்டு ஸ்ராட் பண்ணிவிட, பத்து நிமிஷம் ஓடித் திரும்பவும் நின்றது. புதுப் பற்றரி போட்டு இன்னும் இரண்டு கிழமை ஓடுவதா, கவரால் மூடிவிட்டு ஏப்ரலில் பார்ப்பதா என்று கேட்கிறீர். இரண்டும் வேண்டாம்.

நீர் சொல்லும் குணம் பற்றரியின் குணமாகத் தெரியவில்லை. பற்றரி மட்டும் பழுதென்றால் காலையில் ஸ்ராட் எடுக்கத்தான் கஷ்டப்படுத்தும். ஓடிக்கொண்டிருக்கும்போதே லைற் மங்கினால், பற்றரிக்குக் கரண்ட் திரும்பிப் போகவில்லை என்று அர்த்தம். பழுது மூன்றில் ஒன்றாக இருக்கும்: வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றர், அல்லது எஞ்சினுக்குள் இருந்து கரண்ட் உண்டாக்கும் ஸ்ரேற்றர், அல்லது இரண்டுக்கும் நடுவில் வயர்களை இணைக்கும் கனெக்ரர். எனக்கு 2009இல் இதே பாதையில், ஒறோனோவுக்குக் கிட்ட, இதேதான் நடந்தது. அவசரத்தில் புதுப் பற்றரி போட்டேன். மூன்றாம் நாள் அதுவும் செத்தது. கடைசியில் பார்த்தால் கனெக்ரர் உருகிக் கறுத்துப் போயிருந்தது. ஒரு சின்னப் பிளாஸ்ரிக் துண்டு!

ஆகவே முதலில், வோல்ற் அளக்கும் மல்ற்றிமீற்றர் ஒன்று வாங்கும். பற்றரியைச் சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டு, கழற்றி, சில மணித்தியாலம் விட்டு அளந்தால் 12.6 வோல்ற் அளவில் நிற்க வேண்டும். ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சுற்றை நிமிஷத்துக்கு 4000க்குக் கொண்டுபோகும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் வரவேண்டும். 12இலேயே நின்று இறங்கிக்கொண்டு போனால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் றெகுலேற்றர் கட்டுப்படுத்தவில்லை, அது பற்றரியை வேகவைத்துவிடும். பிறகு ஸ்ரேற்றரிலிருந்து வரும் வயர்களைத் தேடிப் பாரும். பல ஜப்பான் வண்டிகளில் அவை மூன்றும் மஞ்சள் நிறம். அந்தக் கனெக்ரர் பழுப்பேறியிருக்கிறதா என்று பாரும்.

இன்னொரு விஷயம். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஆட்கள் நாங்கள். தள்ளினால் எந்த வண்டியும் ஓடும் என்ற நம்பிக்கை எங்களை விட்டுப் போவதில்லை. இப்போதைய ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெற்றோல் பம்புக்கே கரண்ட் வேண்டும். பற்றரி முற்றாக இறங்கியிருந்தால் நெடுஞ்சாலைக் கரையில் தள்ளித் தள்ளிக் களைக்கக் கூடாது. வண்டியைக் கரையின் கடைசி விளிம்புக்கு எடுத்துவிட்டு, றோட்டோர இரும்புத் தடுப்புக்குப் பின்னால் போய் நில்லும். பிறகு பழுதான வண்டியை ஏற்றிப்போகும் ரோ ட்ரக்கைக் கூப்பிடும். தட்டையான தளமுள்ள பிளாற்பெட் வேண்டும், மோட்டார் சைக்கிள் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று முதலே சொல்லும். எவ்வளவு, எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதைக் கேட்டபிறகுதான் சம்மதப் படிவத்தில் கையெழுத்து.

அந்த இரண்டு கிழமை ஆசையை விட்டுவிடும். நவம்பர் முதலாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினால் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். குளிர்ந்த ரயர் பிடிக்காது, ஈர இலை வழுக்கும், மான்கள் றோட்டைக் கடக்கிற காலம் வேறு. 5 பாகைக் குளிரில் மணிக்கு 100 கிலோமீற்றரில் வந்தால் அரை மணித்தியாலத்தில் பிரேக் பிடிக்கும் விரல் மரத்துப் போகும். உம்மிடம் எம்1, அதாவது மோட்டார் சைக்கிள் பழகுபவர்களுக்கான ஆரம்ப லைசன்ஸ், இருக்கிறதென்றால் பொழுதுபட்டு அரை மணிக்குப் பிறகு ஓடவே கூடாது. நின்றுபோன வண்டியை இருட்டில் திருத்தினாலும் ஓட்டி வர முடியாது.

ஏப்ரல் வரை விடாதையும் என்பதற்கும் காரணம் உண்டு. இளவேனிலில் முதல் வெயில் எறித்தவுடன் எல்லாரும் கராஜுக்கு ஓடுவார்கள், மூன்று நான்கு கிழமை காத்திருக்க வேண்டி வரும். நவம்பரில் மெக்கானிக்குக்கு நேரம் இருக்கும். பாகம் வரப் பிந்தினாலும் ஓடும் நாள் ஒன்றும் வீணாகாது.

திருத்திய பிறகு ஒயில் மாற்றும். பெற்றோல் ராங்கை நிரப்பி, பெற்றோல் கெடாமல் வைக்கும் ஸ்ரெபிலைசர் ஊற்றி, சில நிமிஷம் எஞ்சினை ஓடவிடும். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் எயர் பொக்ஸின் வாயை மூடும், எலி அதற்குள்தான் கூடு கட்டும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் சின்னச் சார்ஜரில் வையும். முழுச் சார்ஜில் இருக்கும் பற்றரி இந்த ஊர்க் குளிரில் உறையாது. இறங்கிக் கிடப்பது உறைந்து பிளந்துவிடும். காப்புறுதியை முழுதாக நிறுத்தாமல், திருட்டுக்கும் தீக்கும் மட்டும் வைத்திருக்க முடியுமா என்று கேளும்.

அளந்த எண்களை எனக்கு எழுதும். நின்றபடி எவ்வளவு, மெதுவாக ஓடும்போது எவ்வளவு, 4000இல் எவ்வளவு. வண்டியின் பெயரும் ஆண்டும் சேர்த்து. கனெக்ரர் என்றால் நீரே செய்யலாம், எப்படியென்று படிப்படியாகச் சொல்லுகிறேன்.