ஆளில்லாத சாலை தேடுபவர்களுக்கு: ஸ்பெயின் சைக்கிள் கேள்வி பதில்

(ஸ்பெயினில் சைக்கிள் ஓட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வலென்சியாவில் வசிக்கும் நம் வாசகி பதில் சொல்கிறார். விடுமுறை கிடைத்தால் சைக்கிளோடு தெருவேல் மலைப்பக்கம் காணாமல் போகிறவர் இவர்.)

ஆர்.எஸ்., கோவை: ஸ்பெயினில் சைக்கிள் என்றாலே எல்லோரும் மயோர்க்கா, ஜிரோனா என்கிறார்கள். வண்டித் தொந்தரவே இல்லாத ஒரு சாலை சொல்லுங்களேன். ஓரளவு ஏற்றம் சமாளிப்போம்.

மயோர்க்கா நல்ல இடம்தான். ஆனால் வசந்த காலத்தில் அங்குள்ள சா கலோப்ரா மலைச்சாலை வளைவுகளில் சைக்கிள்காரர்களே ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்க வேண்டியிருக்கும். நீங்கள் கேட்பது வேறு. வலென்சியாவை அடுத்துள்ள தெருவேலுக்குப் போங்கள்.

தெருவேல் மாகாணத்தின் பரப்பு சுமார் 14,800 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஒன்றரை லட்சம்கூட இல்லை. 1950களிலிருந்து ஊர் ஊராகப் பிழைப்பு தேடி பார்சலோனாவுக்கும் வலென்சியாவுக்கும் சரகோசாவுக்கும் போய்விட்டார்கள். 'தெருவேலும் இருக்கிறது' என்றே பெயர் வைத்து 1999-இல் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். 2019 தேர்தலில் அது நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் பிடித்தது. ஆட்கள் போய்விட்டார்கள், தார்ச்சாலை மட்டும் நன்றாக இருக்கிறது. நமக்கு இனிக்கிற அமைதி அங்கே இருப்பவர்களுக்குக் கசப்பு என்பதை மறக்காமல் ஓட்டுங்கள்.

குறிப்பாக ஏ-1702. கார்காய்யோ ஊர்ப் பக்கம் தொடங்கி காந்தவியேஹா வரை சுமார் 63 கிலோமீட்டர். சுற்றுலாவை வளர்ப்பவர்கள் இதற்கு 'மௌனச் சாலை' என்று பெயர் வைத்துப் பலகையும் நட்டுவிட்டார்கள். பெயர் வைத்ததால் சனி, ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள் கூட்டம் உறுமிக்கொண்டு வருகிறது! செவ்வாய், புதன் மாதிரி நாட்களில் போங்கள். எஹுல்வே தாண்டி ஏறி இறங்கினால் மோந்தோரோ பாறைகள் வரும். சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் படுக்காமல் செங்குத்தாக நிமிர்ந்து, பக்கம் பக்கமாகக் குழாய்களை நிறுத்தி வைத்ததுபோல் இருக்கும். மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். சைக்கிளை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றால், தலைக்கு மேலே தாழப் பறக்கும் கழுகின் சிறகில் காற்று கிழிபடும் சத்தம் கேட்கும். அடுத்து வில்யார்லுவெங்கோ. அதற்குப் பிறகு நீண்ட ஏற்றம். ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது காந்தவியேஹா. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் அரியணைக்காக நடந்த கார்லிஸ்ட் உள்நாட்டுப் போர்க் காலத்தில், கார்லிஸ்ட் தளபதி கப்ரேரா இங்கே தங்கியிருந்துதான் படை நடத்தினார். வந்து சேரும் வழியைப் பார்த்தாலே ஏன் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார் என்று உங்கள் தொடைக்குப் புரிந்துவிடும்.

அங்கேயே தங்குங்கள். மறுநாள் காலை மதில் சூழ்ந்த மிராம்பெல் வரை போய் வரலாம். உடம்பில் இன்னும் தெம்பிருந்தால் ஏ-226-இல் மேற்கே ஃபோர்தானேதே பக்கம் திரும்புங்கள். வழியில் வரும் குவார்தோ பெலாதோ கணவாய் 1,600 மீட்டரைத் தாண்டும். ஏற்றத்தில் லேசாக மிதிக்க, பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருப்பது நல்லது. கௌரவம் பார்க்காதீர்கள்.

எம்.கே., சென்னை: வரைபடத்தை வைத்து அமைதியான சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

சாலை எண் எழுதிய பலகையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் விரைவுச்சாலை, சிவப்பு தேசிய நெடுஞ்சாலை. மாநிலச் சாலைகளில் ஆரஞ்சு பெரியது, பச்சை அடுத்தது, மஞ்சள் கடைசி. பச்சையும் மஞ்சளும் நம்முடையவை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் சுவையானது. புதிய விரைவுச்சாலை ஒட்டியே போடப்பட்டுவிட்டால் பழைய சிவப்புச் சாலை அநாதையாகிவிடும். வடக்கே ஹிஹோனிலிருந்து தெற்கே செவில்யாவரை போகும் என்-630 அப்படித்தான். ஏ-66 விரைவுச்சாலை வந்தபின் வாகனமெல்லாம் அங்கே போய்விட்டது. எஸ்த்ரெமாதுரா பகுதியில் கருவாலி மரங்களுக்கு அடியில் கறுப்புப் பன்றிகள் மேய்வதையும், தேவாலயக் கோபுரத்தில் நாரை கூடு கட்டியிருப்பதையும் பார்த்துக்கொண்டே அகலமான, நல்ல தளமுள்ள சாலையில் ஹாயாகப் போகலாம். நிழல் மட்டும் கேட்காதீர்கள்.

பி.வி., மதுரை: மேடம், நான் சைவம். முட்டை சாப்பிடுவேன். கிராமங்களில் என்ன கிடைக்கும்?

என்ன கிடைக்கும் என்பதைவிட எப்போது கிடைக்கும் என்பது பெரிய கேள்வி. மதியச் சாப்பாடு இரண்டு மணி வாக்கில், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. நடுவில் சமையல்கட்டு மூடியிருக்கும். கடைகள் இரண்டிலிருந்து ஐந்து வரை அடைப்பு, ஞாயிறு முழு அடைப்பு. பல ஊர்களில் கடையே கிடையாது. ரொட்டி வேனில் வரும். நம்மூர் மீன்காரர் மாதிரி தெருமுனையில் நின்று ஹார்ன் அடிப்பார், பாட்டிமார் துணிப்பையோடு வந்து நிற்பார்கள். நீங்களும் வரிசையில் நில்லுங்கள், சைக்கிள் உடையைப் பார்த்து யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்பார்கள்.

உங்களைக் காப்பாற்றப்போவது தோர்தில்யா. உருளைக்கிழங்கு போட்ட கனத்த முட்டை அடை. அதை நீள ரொட்டிக்குள் வைத்துத் தரச் சொன்னால் அறுபது கிலோமீட்டர் தாங்கும். த்ரோன்சோன் என்ற ஊர்ப் பாலாடைக்கட்டியும் இந்தப் பக்கத்துச் சரக்குதான். ஆனால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சாலட்டில் சூரை மீன் தூவி வரும், காய்கறிக் கூட்டில் பன்றித் தொடைத் துண்டு எட்டிப்பார்க்கும். அது அவர்களுக்கு இறைச்சிக் கணக்கில் வராது. பன்றித் தொடை வேண்டாம், மீன் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கு ஊர்ச் சதுக்கத்துக் குழாய். பலகையில் 'நோ போதாப்லே' என்றிருந்தால் குடிக்கக் கூடாது. ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொண்டே கிளம்புங்கள்.

எல்.ஜே., யாழ்ப்பாணம்: தனியாகப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பா?

ஆட்களைப் பொறுத்தவரை நான் பயந்ததில்லை. ஆட்டு மந்தையோடு வரும் காவல் நாய்கள் வேறு விஷயம். கன்றுக்குட்டி அளவு இருக்கும். மிதித்து முந்தப் பார்க்காமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். மந்தையைத் தாண்டியதும் அதற்கு உங்கள் மேல் அக்கறை போய்விடும். இலையுதிர் கால வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். சாலையோரம் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் காட்டுக்குள் போகும் கிளைப்பாதையில் இறங்காதீர்கள். பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் போய்விடும். அதனால் இன்றைக்கு எந்த வழி என்று தங்கும் விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவசர எண் 112.

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை. இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நகரத்தில் மற்ற வண்டிகளைப் பார்த்துச் சரியாகப் போய்விடுவோம். காலிச் சாலையில் நினைவூட்ட ஒரு வண்டியும் இருக்காது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் இடப்பக்கம் ஏறி, அடுத்த வளைவு வரை நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்போம். கைப்பிடியில் வலப்பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறி ஒட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று, வாடகை சைக்கிளில் முன் பிரேக் பெரும்பாலும் இடக்கையில் இருக்கும். இறக்கத்துக்கு முன்பே பிடித்துப் பழகிவிடுங்கள்.

டி.என்., திருச்சி: கார்கள் உரசிக்கொண்டு போகுமா?

சட்டப்படி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டுத்தான் முந்த வேண்டும். பெரும்பாலும் விடுகிறார்கள், சில சமயம் நமக்கே கூச்சமாக இருக்கும் அளவுக்குப் பின்னால் பொறுமையாக வருகிறார்கள். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம்.

வி.ஆர்., சேலம்: வயது 66. மூட்டு வலி. ஏற்றம் என்றாலே ஒதுங்கிவிடுவேன். எனக்கு ஏதாவது?

'வியா வெர்தே' என்ற பாதைகள் உங்களுக்காகவே. பழைய ரயில் தடங்களைச் சைக்கிளுக்கு மாற்றியவை, 1993 முதல் போடுகிறார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது, அதனால் உங்கள் மூட்டும் தப்பிக்கும். முதலில் ஆந்தலூசியாவில் ஓல்வேராவிலிருந்து புவெர்தோ செர்ரானோ வரை உள்ள 36 கிலோமீட்டர் பாதையை முயலுங்கள். முப்பது சுரங்கப்பாதைகள், நான்கு பெரிய பாலங்கள். வேடிக்கை என்னவென்றால் இவ்வளவும் கட்டி முடித்த அந்தத் தடத்தில் ரயில் ஒருநாளும் ஓடவில்லை. சில பழைய நிலையக் கட்டடங்களில் இப்போது தங்கலாம். தளம் இறுக்கிய மண், எனவே ஒல்லி டயர் வேண்டாம். சுரங்கப்பாதைக்கு விளக்கு அவசியம்.

இன்னும் நீளமாக வேண்டுமானால் தெருவேலிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓஹோஸ் நேக்ரோஸ் பாதை. இரும்புத் தாதுவைச் சகுந்தோ துறைமுகத்துக்குக் கொண்டுபோன சுரங்க நிறுவன ரயிலின் தடம் அது. தெருவேல் நகரிலிருந்து கிளம்பினால் முதலில் எஸ்கந்தோன் கணவாய் வரை கொஞ்சம் மிதிக்க வேண்டும், அப்புறம் பெரும்பாலும் இறக்கம்தான்.

ஜி.பி., புதுச்சேரி: ஆகஸ்ட்டில்தான் லீவு கிடைக்கும். தெருவேல் போகலாமா?

போகலாம், ஆனால் அமைதியை எதிர்பார்க்காதீர்கள். வெளியூர் போன குடும்பங்களெல்லாம் ஊர்த் திருவிழாவுக்குத் திரும்பி வரும் மாதம் அது. பூட்டிக் கிடந்த வீடுகள் திறந்திருக்கும், விடிய விடிய பாட்டு, சில ஊர்களில் தெருவிலேயே காளை ஓட்டம். அறை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள், காலை ஆறரைக்கே கிளம்பிவிட வேண்டும். லீவை மாற்ற முடியுமென்றால் செப்டம்பருக்கு மாற்றுங்கள்.