ரோமானிய நாணயங்கள் உண்மையிலேயே போர் வெற்றிப் பிரசாரத்துக்குப் பயன்பட்டனவா?

ஆமாம், கூச்சமே இல்லாமல் பயன்படுத்தினார்கள். ரோமானியப் பேரரசர் வெஸ்பாசியன் கி.பி. 71இல் அடித்த 'யூதேயா காப்டா' காசு ஒன்றைப் பார்த்தாலே போதும்.

செஸ்டர்ஷியஸ் எனப்படும் பெரிய பித்தளைக் காசு அது. எடை ஏறக்குறைய 25 கிராம், அதாவது நம் பத்து ரூபாய்க் காசைப் போல மூன்று மடங்கு. ஒரு பக்கம் வாகை மாலை சூடிய வெஸ்பாசியனின் தடித்த முகம். மறுபக்கம் நடுவில் பேரீச்ச மரம். அதற்கு இடப்புறம் பேரரசர் ஈட்டியை ஊன்றி, ஒரு தலைக்கவசத்தின் மேல் கால் வைத்து நிற்கிறார். வலப்புறம் ஒரு பெண் தலையைக் கையில் தாங்கிக் குறுகி உட்கார்ந்திருக்கிறாள். யூதர்களின் நாடான யூதேயாவைத்தான் அப்படிப் பெண்ணாகக் காட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் 'யூதேயா பிடிபட்டது' என்று லத்தீனில் எழுதியிருக்கும். எழுத்தே தெரியாதவருக்கும் வென்றது யார், தோற்றது யார் என்று புரிந்துவிடும்.

ஆனால் 'பிடிபட்டது' என்பதே பித்தலாட்டம். யூதேயா கி.பி. 6 முதலே ரோமின் மாகாணம். 66இல் அங்கே கிளர்ச்சி வெடித்தது. 70இல் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் எருசலேமைப் பிடித்தான், அங்கிருந்த யூதர்களின் ஆலயம் எரிந்தது. சொந்த மாகாணத்தில் எழுந்த கலகத்தை அடக்கியதைத்தான் புது நாட்டை வென்றதாகக் காட்டினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. பேரரசர் நீரோ செத்தபின் 69இல் ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள். ரோமானியர்களே ரோமானியர்களை வெட்டிக்கொண்ட அந்தப் போரில் கடைசியாக ஜெயித்தவர் வெஸ்பாசியன். அரச பரம்பரையும் கிடையாது. சொந்த மக்களைக் கொன்று பதவிக்கு வந்ததைக் காசில் போட முடியுமா? அதனால் யூதேயாவைப் போட்டார். தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை என்று எல்லா உலோகத்திலும் இந்த வரிசைக் காசுகள் வந்தன. மகன்கள் காலத்திலும் தொடர்ந்தன.

இன்னொரு கொடுமையும் உண்டு. எருசலேம் ஆலயத்துக்கு யூதர்கள் கொடுத்துவந்த காணிக்கையை வெஸ்பாசியன் வரியாக மாற்றி, தலைக்கு ஆண்டுக்கு இரண்டு தினாரி (ரோமானிய வெள்ளிக் காசு) என்று ரோமின் ஜூப்பிட்டர் கோவிலுக்குத் திருப்பிவிட்டார். வெள்ளித் தினாரியிலும் அழும் யூதேயா இருந்தாள். அந்தக் காசையே எடுத்து இந்த வரியைக் கட்டியவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இந்த வித்தையை வெஸ்பாசியனுக்கு முன்பே நன்றாகச் செய்தவர் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ். அவர் தோற்கடித்தது எகிப்து அரசி கிளியோபாத்ராவை மட்டுமல்ல, மார்க் ஆண்டனி என்ற ரோமானியத் தளபதியையும்தான். ஆனால் காசில் ஒரு முதலையும் 'எகிப்து பிடிபட்டது' என்ற எழுத்தும் மட்டுமே, ஆண்டனி காணோம். அப்புறம் ஈரான் பகுதியை ஆண்ட பார்த்தியர்கள். கி.மு. 53இல் கார்ஹே போரில் ரோம் பறிகொடுத்த படைக்கொடிகளை கி.மு. 20இல் பேச்சுவார்த்தை நடத்தித் திரும்ப வாங்கினார். காசிலோ ஒரு பார்த்தியன் மண்டியிட்டுக் கொடியை நீட்டுகிறான்!

சரி, சாமானியர்கள் இதையெல்லாம் கவனித்தார்களா? ஆய்வாளர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. கவனித்தார்கள் என்பதே என் எண்ணம். வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு தினாரியைக் காட்டச் சொல்லி, இதில் இருக்கும் உருவமும் எழுத்தும் யாருடையவை என்று கேட்பதாக வரும் நற்செய்திப் பகுதி பலருக்கும் தெரிந்ததே. அதைவிட வலுவான சான்று கி.பி. 132இல் பார் கோக்பா தலைமையில் யூதர்கள் மீண்டும் கிளர்ந்தெழுந்தபோது கிடைக்கிறது. ரோமானியக் காசுகளையே எடுத்து, அவற்றின் மேல் தங்கள் அச்சை அடித்தார்கள். பெரிய வெள்ளிக் காசுகளில் பேரரசரின் தலை இருந்த இடத்தில் இடிக்கப்பட்ட ஆலயத்தின் முகப்பு வந்தது. 'எருசலேமின் விடுதலைக்காக' என்ற எபிரேய எழுத்தும் வந்தது. சில காசுகளில் அடியில் பழைய ரோமானிய உருவத்தின் கோடுகள் இன்றும் தெரிகின்றன.