குளத்து உள்வாயில் வரிசை வீடுகள்: கோப்பு பரிசீலனையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

கேள்வி: பாளையங்கோட்டை வட்டத்தில் இருக்கிறது எங்கள் ஊர். குளத்தின் மேற்கு உள்வாயை (தண்ணீர் பரவி நிற்கும் உட்பக்கத்தை) ஒட்டி 6 ஏக்கர் பட்டா நிலத்தை வெளியூர்க்காரர்கள் வாங்கி, ‘லேக் வியூ’ என்று 48 வரிசை வீடுகள் கட்டப்போவதாகப் போர்டு வைத்திருக்கிறார்கள். குளத்துக்கு வருகிற வரத்துக்கால் ஒன்று அந்த நிலத்தின் ஓரமாகப் போகிறது. வண்டி போக வேண்டும் என்று அதில் ஒரு சிமெண்டு குழாயைப் போட்டு மேலே மண் அடித்துவிட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த நிலம் முழுக்க இடுப்பளவு தண்ணீர் நின்றது. எங்களுக்கு மடைக்குக் கீழே 2 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. உள்ளூர் திட்டக் குழுமத்தில் கோப்பு பரிசீலனையில் இருப்பதாகக் கேள்வி. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம், பதில் இல்லை. இதற்கிடையில் சென்னையில் இருக்கும் என் மைத்துனர் அதே வீடுகளில் ஒன்றுக்கு 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். கையில் ஒரு ரசீது மட்டும்தான். என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம் அண்ணாச்சி. உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த விஷயம், கோப்பு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்பதுதான். அனுமதி கிடைத்து, பத்திரம் பதிந்து, நாலு குடும்பம் பால் காய்ச்சிக் குடியேறிய பிறகு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வங்கிக் கடன் வாங்கி வீடு வாங்கியவர்களின் முகத்தையும் அப்போது நீதிமன்றம் பார்க்க வேண்டியிருக்கும். நீங்கள் அந்தக் கட்டத்துக்கு முன்னாலேயே வந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் 49-வது பிரிவில் வரும் சாதாரண அனுமதி விண்ணப்பத்துக்கு, அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் அனுப்பி ஆட்சேபணை கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) விவசாய நிலம் என்று காட்டியிருப்பதைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டால் பொது அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பில் சொன்ன நாட்களுக்குள் ஆட்சேபணை கொடுத்தாக வேண்டும். ஆகவே நிலத்தின் வகைப்பாடு மாறுகிறதா என்று முதல் வேலையாக விசாரியுங்கள். மாறாவிட்டாலும் கவலை இல்லை. விண்ணப்பித்த நோக்கத்துக்கு அந்த இடம் பொருத்தமானதா என்பதைக் குழுமம் பார்க்க வேண்டும் என்று அதே 49-வது பிரிவு சொல்கிறது. உங்கள் ஆட்சேபணையை இந்த ஒரு வரியின் மேல்தான் நிறுத்த வேண்டும்.

‘பட்டா நிலம்தானே, எங்கள் இடத்தில் நாங்கள் கட்டுகிறோம்’ என்று அவர்கள் சொல்வார்கள். பாதி சரி. குளத்துப் புறம்போக்கில் கட்டினால் இடிக்கச் சொல்வதற்குத் தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. உச்ச நீதிமன்றத்தின் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கு (2001), சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்.கிருஷ்ணன் வழக்கு (2005) என்று வரிசையாகக் காட்டலாம். பட்டா நிலத்தில் அந்த வாதம் நேரடியாக எடுபடாது. ஆனால் நம் பக்கத்துக் குளங்களில் உள்வாயை ஒட்டிய பட்டா நிலங்கள் பலவற்றில், குளம் நிறையும்போது தண்ணீர் ஏறி நிற்கும். அது தலைமுறை தலைமுறையாக நடப்பது. கையில் பட்டா இருக்கிறது என்பதற்காக, அந்தத் தண்ணீரைத் தடுத்துக் கரை எடுக்கும் உரிமையும் சேர்ந்து வந்துவிடாது. அப்புறம், அந்தப் பட்டாவே எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். பதிவில் தப்பாக ஏறிய நிலங்கள் உண்டு. அதனால் இப்போதைய சிட்டாவோடு நின்றுவிடாமல் அ-பதிவேடு (கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடு), புல வரைபடம், கிராம வரைபடம், பழைய செட்டில்மெண்ட் பதிவேடு எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். அந்த 6 ஏக்கருக்கும், அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வேண்டும். புல வரைபடத்தில் வரத்துக்கால் எவ்வளவு அகலம் என்று அளவு இருக்கும். இன்றைக்குக் களத்தில் இருக்கும் அகலத்தோடு அதை ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.

நான் இந்த வழக்கை நடத்துவதாக இருந்தால் வரத்துக்காலில்தான் அதிக நேரம் செலவழிப்பேன். நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் என்று தாமிரபரணித் தண்ணீர் வருகிற குளமாக இருந்தாலும் சரி, மழையை நம்பிய மானாவாரிக் குளமாக இருந்தாலும் சரி, வரத்துக்கால் போனால் குளம் போச்சு. வரத்துக்கால் புறம்போக்காக இருந்தால், அதன் குறுக்கே குழாய் போடவோ சிறுபாலம் கட்டவோ பொறுப்பில் உள்ள துறையின் அனுமதி வேண்டும். உங்கள் ஊரில் அதை வாங்காமலே குழாய் பதித்திருக்க வாய்ப்பு இருக்கிறது. அனுமதியே வாங்கியிருந்தாலும், அந்தக் குழாயின் விட்டம் வெள்ளக் காலத் தண்ணீரைத் தாங்குமா என்ற கேள்வி நிற்கும். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இத்தனை வீடுகள் கொண்ட திட்டத்துக்குக் குறிப்பிட்ட அகலத்தில் அணுகுசாலை இருக்க வேண்டும் என்று 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. அவர்களுடைய சாலையே வரத்துக்காலைத் தாண்டித்தான் போகிறது என்றால், அந்தக் கடப்புக்கு முறையான அனுமதி இல்லாமல் சாலை இல்லை. சாலை இல்லாமல் திட்டமும் இல்லை.

அடுத்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று. நீர்நிலையை ஒட்டிய இடம் என்றால், வெள்ளத்தில் மூழ்குமா என்று அந்தத் துறையிடம் கருத்துக் கேட்பது வழக்கம். பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், ‘இத்தனை மட்டம் வரை மண் நிரப்பி உயர்த்திக்கொள்ளவும்’ என்று நிபந்தனை போட்டுச் சான்று கொடுத்துவிடுவார்கள். அந்த வீடுகளுக்கு அது பாதுகாப்பு. உள்வாயில் 6 ஏக்கர் மேடானால் அதில் நின்ற தண்ணீர் எங்கே போகும்? எதிர்க்கரைக்கும், குளம் நிறைந்து வழிகிற மறுகால் ஓடைக்கும், அதற்குக் கீழே இருக்கிற வயல்களுக்கும் வீடுகளுக்கும்தான் போகும். அந்தச் சான்று இன்னும் வரவில்லை என்றால், இந்தக் கேள்வியை எழுத்தில் செயற்பொறியாளரிடம் இப்போதே கொடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எடுத்த படம், வீடியோ ஊரில் யாரிடம் இருந்தாலும் சேகரியுங்கள். எந்த போனில் எடுத்தார்களோ அதை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் குளம் யாருடையது என்பதும் தெரிந்தாக வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள குளம் பொதுவாக நீர்வளத் துறை வசம் இருக்கும், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஆக்கிரமிப்பை அகற்றும் 2007-ம் ஆண்டுச் சட்டம் முதல் வகைக் குளங்களுக்குத்தான். ஒன்றியக் குளம் என்றால் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் வழியாகப் போக வேண்டும். தப்பான சட்டத்தைச் சொல்லி மனு போட்டால், ‘இது எங்கள் வரம்பில் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை மனுவைக் குறை சொல்லவில்லை. ஆனால் ‘குளத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாக எழுதிய மனு தாலுகா ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்குப் போய், ‘பட்டா நிலம்’ என்று திரும்பி வரும். சர்வே எண், புல வரைபட அளவு, படங்கள், மேலே சொன்ன கேள்விகள் எல்லாம் சேர்த்து, ஒரே ஆட்சேபணையைத் திட்டக் குழுமத்தின் உறுப்பினர் செயலர், நீர்வளத் துறை செயற்பொறியாளர், வட்டாட்சியர், ஊராட்சி ஆகிய நாலு பேருக்கும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பமும் போடுங்கள். விண்ணப்பத்தோடு கொடுத்த வரைபடம், ஒவ்வொரு துறையின் கருத்து, குழாய் பதிக்கக் கொடுத்த அனுமதி இருந்தால் அதன் நகல், இவ்வளவும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கிராம சபையில் தீர்மானம் போட முடிந்தால் போடுங்கள். திட்டக் குழுமத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஊரே எச்சரித்ததற்கு எழுத்துச் சாட்சி அது. தீர்மானத்திலும் சர்வே எண் இருக்கட்டும்.

குழாயும் மண்ணும் இப்போதே தண்ணீரை மறிக்கிறது என்றால் திட்ட அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். பொதுமக்கள் பயன்படுத்தும் வாய்க்காலில் ஏற்படுத்திய தடையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவின் கீழ் வருவாய் கோட்டாட்சியருக்கு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று இருந்ததுதான். மழைக்காலம் நெருங்குகிறது என்றால் இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

சில வாதங்களை விட்டுவிடுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கவில்லை என்று சிலர் எழுதச் சொல்வார்கள். 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பிலிருந்துதான் அது வேண்டும். 48 வரிசை வீடுகள் அந்த அளவைத் தொடுவது கடினம். 2017-ம் ஆண்டு ஈரநில விதிகளும் உதவாது. பாசனத்துக்காக மனிதர் வெட்டிய குளங்களை அந்த விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. கூந்தன்குளம் போல ராம்சர் தளமாக (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக) அறிவித்த இடம் என்றால் கதை வேறு. பலவீனமான வாதம் ஒன்றைச் சேர்த்தால், எதிர்த்தரப்பு அதை மட்டும் பிடித்துக்கொண்டு பதில் சொல்லும்.

இதற்குள் அனுமதி கிடைத்துவிட்டால் உத்தரவின் நகலை உடனே வாங்குங்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79-வது பிரிவில் மேல்முறையீடு, 54-வது பிரிவில் அனுமதியைத் திரும்பப் பெறக் கேட்பது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு என்று வழிகள் உண்டு. கழிவுநீர் குளத்தில் கலக்கும் நிலை இருந்தால் சென்னையில் உள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அங்கே பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். எந்த வழியில் போனாலும், உங்கள் ஆட்சேபணையைப் பரிசீலிக்காமலே முடிவெடுத்தார்கள் என்று காட்டத் தபால் ஒப்புகை கையில் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் மைத்துனர் விஷயம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ 8-க்கு மேற்பட்ட வீடுகளோ உள்ள திட்டத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம் செய்யக்கூடாது, முன்பதிவும் வாங்கக்கூடாது. 2016-ம் ஆண்டு ரெரா சட்டத்தின் 3-வது பிரிவு அது. மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் உண்டு. அனுமதியே வராத திட்டம் பதிவாகியிருக்க முடியாது, இருந்தாலும் ஆணையத்தின் இணையதளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அனுமதி இல்லாத மனையை வீட்டுமனையாகப் பத்திரம் பதியவும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடையாக நிற்கும்.

அவர் இனிமேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பட்டும். தராவிட்டால் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் மனக்கசப்பு வருமே என்று நீங்கள் தயங்கலாம். அவருக்கும் உங்களுக்கும் இதில் எதிரெதிர் நலன் இல்லை. வெள்ளம் ஏறி நின்ற இடத்தில் வீடு வாங்கப் போனவர் அவர். 2023 வெள்ளப் படங்களை அவருக்கு அனுப்புங்கள், அந்த ரசீதை அவரிடமிருந்து வாங்குங்கள். போர்டையும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு முன்பே பணம் வாங்கினார்கள் என்பதற்கு அந்த இரண்டும் ஆதாரம். உங்கள் ஆட்சேபணையோடும் அவற்றின் நகலை இணைத்து அனுப்புங்கள்.