பொம்பளைக்கு மாரடைப்பு வராதா?

கேள்வி: எனக்கு 47 வயது, பாலக்கோடு பக்கம் கிராமம். 40 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நாலு வருஷமாகச் சுகர் வேறு. இப்போது தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறது, முதுகும் தாடையும் இறுக்கிப் பிடிக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. "வாயும்மா, மாரடைப்பெல்லாம் ஆம்பளைங்களுக்குத்தான்" என்கிறார் மாமியார். உண்மையா டாக்டர்?

பதில்: இந்த வாரமே காட்டுங்கள் அம்மா, அறுவடை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். வேலை செய்தால் வந்து, உட்கார்ந்தால் போகிற இறுக்கத்தை வாயு என்று ஒதுக்கவே கூடாது, இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் இப்படித்தான் காட்டும். சும்மா படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜி நார்மல் என்று வந்தாலும் அதோடு திரும்பிவிடாமல், எக்கோவும் (இதயத்தை ஸ்கேனில் பார்ப்பது), டிரெட்மில்லும் (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி) தேவையா என்று கேளுங்கள்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. 52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வில், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட சுமார் 9 வருஷம் தள்ளித்தான் வந்திருந்தது. தள்ளி வருகிறது, அவ்வளவுதான். மாதவிடாய் நின்று, சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் கெட்ட கொழுப்பு ஏறும், ரத்தக்குழாயின் நெகிழ்வு குறையும். சினைப்பைகளை எடுத்ததால் உங்களுக்கு அது 40லேயே, ஒரே நாளில் நடந்துவிட்டது. அதற்கு மேல் சுகர். சுகர் வந்தால் ஆணுக்கும் ஆபத்து கூடும், ஆனால் பெண்ணுக்கு அது கூடுகிற வேகம் இன்னும் அதிகம், அந்தச் சில வருஷச் சலுகையையே அது தின்றுவிடும். போதாததற்கு நம் தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முந்தியே மாரடைப்பு வருவதையும் அதே ஆய்வின் தரவுகள் காட்டின.

பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் மூச்சுத் திணறல், குமட்டல், முதுகு, தாடை வலி, காரணமில்லாத அசதி எல்லாம் ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வரும், சுகர் இருந்தால் வலியே தெரியாமலும் போகலாம். புருஷனுக்கு நெஞ்சைப் பிடித்தால் உடனே கார் வைத்துச் சேலத்துக்குக் கூட்டிப்போகிற வீட்டில், பொண்டாட்டிக்கு ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்கச் சொல்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஓய்வில் இருக்கும்போதே வலி வந்து, நிற்காமல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108ஐக் கூப்பிடுங்கள். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகள் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அப்புறம், 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சுகர் மாத்திரை கொண்டுவருபவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது பழைய ஆபரேஷன் சீட்டையும் எடுத்துப்போங்கள், சினைப்பையும் எடுத்தாச்சு என்று நீங்களே சொல்லுங்கள். "வாயு மாதிரி இருக்கு" என்று ஆரம்பிக்காமல், "நடந்தால் வருது, உட்கார்ந்தால் போகுது" என்பதை முதலில் சொல்லுங்கள்.