செயற்கைக்கோள் தரும் கடல் மேற்பரப்பு வெப்பநிலை எவ்வளவு துல்லியம்? மிதவை அளவோடு ஒரு டிகிரி வரை வித்தியாசம் வருவது ஏன்?

மேகமில்லாத இரவில் நல்ல அகச்சிவப்புக் கருவியின் பிழை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஐரோப்பாவின் சென்டினல்-3 செயற்கைக்கோள் ஒரே இடத்தை நேர்க்கீழாக ஒருமுறையும் சுமார் 55 டிகிரி சாய்வில் ஒருமுறையும் பார்க்கிறது. இடையிலுள்ள காற்றின் பங்கைக் கழிக்க இது பெரிதும் உதவுவதால் அதன் துல்லியம் இன்னும் மேல். நுண்ணலைக் கருவிகளுக்குத் தோராயமாக அரை டிகிரி.

ஆனால் ஒரு டிகிரி வித்தியாசம் முழுவதையும் செயற்கைக்கோளின் தலையில் கட்டுவது தவறு. இரண்டும் ஒரே நீரை அளப்பதில்லை. அகச்சிவப்புக் கருவி காண்பது மேலே உள்ள 10-20 மைக்ரான் படலத்தை மட்டும். மிதந்து செல்லும் மிதவை சுமார் 20 செ.மீ. ஆழத்திலும், நங்கூரமிட்டது பெரும்பாலும் 1 மீட்டரிலும் அளக்கும். காற்று விநாடிக்கு 6 மீட்டருக்கு மேல் வீசினால் அந்தப் படலம் அடிநீரைவிட ஏறத்தாழ 0.17 டிகிரி குளிர்ந்திருக்கும். காற்று அடங்கிய வெயில் நேரத்தில் நிலைமை தலைகீழ்: மேலடுக்கு மட்டும் 2-3 டிகிரி வரை சூடேறலாம், 1 மீட்டரில் இருக்கும் உணரிக்கு அது தெரியவே தெரியாது.

எனவே ஒப்பிடும்போது இரவுத் தரவை எடுங்கள். பலவீனக் காற்று நேரங்களை விடுங்கள். தரக்குறியீடு 5 (மிகச் சிறந்த தரம்) உள்ள பிக்சல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் பிழைச்சாய்வு (ஒரே பக்கமாகச் சாயும் சராசரிப் பிழை) தனியே கொடுக்கப்பட்டிருந்தால் அதைக் கழியுங்கள். படலத்தின் குளிர்ச்சியை ஈடுகட்ட 0.17-ஐக் கூட்டும் முன் தரவுத் தொகுப்பின் விளக்கக் குறிப்பைப் படிப்பது அவசியம்; சில தொகுப்புகளில் வெப்பநிலையைக் கணக்கிடும் கெழுக்களே (சமன்பாட்டின் எண்கள்) மிதவைகளோடு பொருத்திப் பெறப்பட்டவை, அங்கே கூட்டினால் இரட்டைத் திருத்தம் ஆகிவிடும். மிதவைக்கும் சுமார் 0.2 டிகிரி பிழை உண்டு. வித்தியாசத்தின் திட்டவிலக்கம் 0.45 என்றால், 0.45-இன் வர்க்கத்திலிருந்து 0.2-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள்: செயற்கைக்கோளின் பங்கு 0.4.

உண்மையான தலைவலி மேகம்தான். பிக்சலின் ஒரு மூலையில் மெல்லிய மேகம் ஒட்டியிருந்தாலும் அளவு குளிர்ப்பக்கம் சரியும். அதனால் சராசரியைவிட இடைநிலையளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) நம்புவதே நல்லது. மேக வடிகட்டியை அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஆபத்து: ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீரையே மேகம் என்று தூக்கி எறிந்துவிடும். தூசியும் எரிமலைத் துகளும் இதே குளிர்ப்பிழையைத் தரும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபின் வந்த தரவுகளில் இதைப் பார்க்கலாம்.

நுண்ணலை மேகத்தை ஊடுருவும், கனமழையை அல்ல. அதன் பிக்சல் பல பத்து கிலோமீட்டர் அகலம் என்பதால் கரையோரத்தில் நிலத்தின் கதிர்வீச்சு கலந்துவிடும். கடற்கரை ஆய்வுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெற்றிடமே இல்லாத தினசரி வரைபடங்களில் மேகத்துக்கு அடியில் காணும் எண் அளவீடு அல்ல, சுற்றுப்புற மதிப்புகளிலிருந்தும் முந்தைய நாட்களிலிருந்தும் கணித்தது. கருவியின் துல்லியத்தைச் சோதிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். பல தொகுப்புகளில் நீங்கள் ஒப்பிட எடுத்த அதே மிதவையின் அளவும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.